உவர் வெளியும் ஊர்க் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்திலே தோன்றி அராலியிற் சென்று முடியும் வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் வறண்டுபோவதே. மலை இல்லை, அருவி இல்லை. ஆயினும் அந்நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. ஊர்கள் நெருங்கிப் பெருகின. இதற்குக் காரணம் கிணறு. கிணறு என்பது நீரை எடுக்கும் வழி மாத்திரமே. நீர் வந்து சேரும் வழி வேறு. எடுக்கும் வழியை எல்லாரும் அறிவர். சேரும் வழியை எண்ணிப் பார்ப்போர் சிலரே. உழவு கைவிட்ட பள்ள வயல்களும், தூர்ந்துபோன வெள்ளவாய்க்கால்களும், உவர் பூத்த தரவைகளும் அந்தச் சேரும் வழியின் பகுதிகள் என்பதையும், அவற்றை மீண்டும் நீருக்கு உரிய இடங்களாக ஆக்குதல் எவ்வாறு என்பதையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

வடமராட்சியிலுள்ள நெல்லியடியை எடுத்துக்கொள்வோம். கரவெட்டியைச் சார்ந்த இவ்வூர், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் அமைந்த கடைத்தெருவும் சந்தையும் உடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் வல்லை வெளியைக் கடந்தே அங்குச் சேர்தல் வேண்டும். மர நிழல் அற்ற அவ்வெளியிலே காற்றுத் தடையின்றி வீசும். மாரியில் வீதியின் இருபுறமும் நீர் பரந்து நிற்கும். பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து மேயும். கோடையில் அதே தரை வெடித்து, உவர் பூத்து, வெள்ளைத் துணி விரித்தாற்போலத் தோன்றும். வெளியும் பாலமும் கடந்து மேட்டு நிலத்தில் ஏறியதும் பனையும் தோட்டமும் வீடும் கோயிலுமாக வேறோர் உலகம் தொடங்குகின்றது. வழிப்போக்கர் கண்ணுக்கு மேட்டு நிலம் பயனுள்ளது, வெளி பயனற்றது. நிலத்தின் அடியிலே நிகழ்வதை அறிந்தவர்க்கோ இவ்விரண்டும் ஒரே உடம்பின் இரண்டு உறுப்புக்கள்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மழைநீர் அக்கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்குகின்றது. நாற்புறமும் கடலும் கடனீரேரியும் சூழ்ந்திருப்பதால் அக்கல்லின் ஆழத்தில் உவர்நீரும் உண்டு. நன்னீர் எடை குறைந்தது. ஆதலால் அது உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பலர் கேட்டிருப்பர். அந்தக் கிணறு குடாநாடு முழுவதற்கும் ஒரு சிறு படம்.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவர் தனித்தனியே அதனைக் கண்டு கூறினர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இக்கணக்கின் மறுபக்கமே அச்சந் தருவது. மேலே ஓரடி குறையுமாயின் கீழே நாற்பது அடி உவர் எழும்பும். துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, அது களைப்பதில்லை. ஆகவே சேரும் நீரின் அளவைக் கூட்டுவது முன்னெப்போதையும்விடத் தேவையாயிற்று.

சேரும் நீர் எங்கிருந்து வருகின்றது? ஆண்டு மழையின் பெரும் பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை, வடகீழ்ப் பருவக்காற்றினாலே பெய்துவிடுகின்றது. அந்தச் சில வாரங்களில் வரும் நீரை நிறுத்தி வைப்பதற்கே முன்னோர் குளங்களும் கேணிகளும் தோண்டினர். குடாநாட்டிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் இருந்தமை இதனாலேயே. தோட்டத்தில் விழுந்த மழை குளத்துக்குச் சென்றது. குளம் நிறைந்தால் வெள்ளவாய்க்கால் வழியாகத் தாழ்ந்த வயலுக்குச் சென்றது. வயல் நிறைந்தால் தரவையிற் பரந்தது. தரவையிலிருந்து மெல்லக் கடனீரேரியை அடைந்தது. ஒவ்வொரு படியிலும் நீர் தங்கிற்று. தங்கிய இடமெல்லாம் நிலத்துள் இறங்கிற்று. பள்ளத்திலே நன்னீர் நின்றிருக்கும் வரையில் மேட்டு நிலத்தின் நன்னீர் விரைந்து வெளியே கசிவதில்லை. உவர்நீர் உள்ளே நெருங்குவதும் தாமதப்படுகின்றது. நெல்லியடிக் கிணற்றுக்கும் வல்லை வெளிக்கும் உள்ள உறவு இதுவே.

வடமராட்சிக் கடனீரேரி தொண்டைமானாற்றின் முகத்திலே கடலோடு கலப்பது. கரணவாயிலும் வெள்ளப்பரவையிலும் விளைந்த உப்பை ஏற்றிச் செல்லும் பொருட்டுக் கருணாகரத் தொண்டைமான் அந்த நீர்வழியை வெட்டுவித்தான் என்று மரபு கூறுகின்றது. அது மெய்யோ புனைவோ, உவர் அவ்விடத்தின் பழங்குடி என்பதற்கு அக்கதையே சான்று. கடலிலிருந்து வரும் உப்பு கோடையில் ஏரிக்கரை வயல்களைத் தீண்டும்; மாரி மழை அதனைக் கழுவும். இவ்விரண்டுக்கும் இடையிலே, ஆண்டுக்கு ஒரு போகம், வானத்தை நம்பி நெல் விதைக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டிலே இந்தச் சமநிலையை நன்னீரின் பக்கம் சாய்க்கப் பெருமுயற்சி நடைபெற்றது. நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954ஆம் ஆண்டில் முன்வைத்த திட்டம், யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் பெயராற் பிரசித்தி பெற்றது. ஆனையிறவுக் கடனீரேரியை இரு முனையிலும் அடைத்து, வன்னியிலிருந்து கனகராயன் ஆறு முதலியன கொண்டுவரும் வெள்ளத்தை அதிலே தேக்கி, முல்லியானில் வெட்டும் கால்வாய் வழியாக அந்நீரை வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொணர்ந்து, இரண்டையும் நன்னீர் ஏரிகளாக்குவது அதன் கருத்து. வடமராட்சிக் கடனீரேரியின் நீர்ப்பரப்பு மாத்திரம் ஏறத்தாழ 30 சதுர மைல். அதற்கு மழைநீர் வடிந்துவரும் நிலம் ஏறத்தாழ 115 சதுர மைல். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களில் அணைக்கதவுகள் அமைக்கப்பட்டன. கோடையிற் கதவுகளை மூடிக் கடல்நீரைத் தடுப்பதும், மாரியில் திறந்து உப்பைக் கரைத்துச் செல்லும் வெள்ளத்தை வெளியேற்றுவதும் அவற்றின் தொழில். ஆண்டுதோறும் இவ்வாறு செய்தால் ஏரியும் கரை நிலமும் படிப்படியாக உவர் நீங்கும்.

திட்டம் முழுமை பெறவில்லை. முல்லியான் கால்வாய் வெட்டத் தொடங்கி இடையில் நின்றது. ஆனையிறவின் கீழ்ப்புற அணையை வெள்ளம் உடைத்தது. தொண்டைமானாற்றுக் கதவுகள் பழுதடைந்து, கடல்நீர் கசிந்து உட்புகும் நிலையை அடைந்தன. பின்னர்ப் போர் வந்தது. மக்கள் இடம்பெயர்ந்தனர், வாய்க்கால்கள் துப்புரவு செய்யப்படாது தூர்ந்தன, வரம்புகள் கரைந்தன. 2009இற் போர் முடிந்த பின்னரும், கரையோர வயல்கள் பல மீண்டும் விதைப்பைக் காணவில்லை. உவர் ஏறிய மண்ணிலே விளைச்சல் செலவுக்கு ஈடாகவில்லை. உரியவர் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். ஒரு காணிக்குப் பல பங்காளர்.

இவ்வாறு கிடக்கும் நிலத்தை என் செய்வது? மூன்று விடைகள் வழங்குகின்றன. முதலாவது, எப்படியேனும் மீண்டும் நெல் விதைப்பது. இரண்டாவது, மண்ணிட்டு உயர்த்தி வீடோ கடையோ கட்டுவது. மூன்றாவது, நீருக்கே விட்டுக்கொடுத்து ஈரநிலமாக்குவது. முதலாவது விடை கரையின் உயர்ந்த பகுதிக்குப் பொருந்தும்; அங்கே இரண்டு மூன்று மாரி நன்றாகக் கழுவினால் மண் திருந்தக்கூடும். ஆழ்ந்த பள்ளத்துக்கு அது பொருந்தாது. இரண்டாவது விடையோ எவ்விடத்துக்கும் ஆபத்தானது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயலும், 2020ஆம் ஆண்டு டிசம்பரில் புரெவிப் புயலும் கொண்டுவந்த மழை குடாநாட்டு வீடுகளுள் நீரைப் புகுத்தியபோது, வெள்ளம் தன் பழைய இடத்தையே தேடி வந்தது. அவ்விடத்திலே மனிதன் குடியிருந்தால் அது வெள்ளத்தின் குற்றமன்று. சட்டமும் இதனைத் தடுக்கின்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் ஆகாது.

மூன்றாவது விடை சிலருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்வதுபோலத் தோன்றலாம். உலக அனுபவம் அவ்வாறு கூறவில்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலே பிளிமத் என்னும் ஊரில் டிட்மார்ஷ் என்றொரு பண்ணை இருந்தது. கிரான்பெரி என்னும் சிவந்த சிறு பழம் அங்கே நூறாண்டுக்கு மேலாக விளைவிக்கப்பட்டது. அதற்காகச் சதுப்பின்மேல் மணல் பரப்பினர். ஓடையை நேர்க்கோடாக வெட்டினர். குறுக்கே அணைகள் இட்டனர். 2010ஆம் ஆண்டளவிற் சாகுபடி நின்றது. பின்னர் அணைகளை அகற்றினர். நேராக ஓடிய கால்களை அடைத்தனர். ஓடைக்குப் பழையபடி வளைவுகள் அமைத்தனர். 2017இல், ஏறத்தாழ 480 ஏக்கர் பரப்புள்ள அவ்விடம் உயிரினங்களின் சரணாலயமாகத் திறக்கப்பட்டது. மணலுக்கு அடியில் நெடுங்காலம் உறங்கிக்கிடந்த சதுப்புச் செடிகளின் விதைகள், மணல் விலகி ஈரம் பட்டதும் நட்டவர் ஒருவருமின்றி முளைத்தெழுந்தன. நிலம் தன் பழைய தொழிலை மறப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இலங்கையிலேயே ஒரு பாடம் உண்டு. கொழும்பையும் கோட்டையையும் சூழ்ந்த சதுப்புக்களிற் பல, ஒரு காலத்தில் நெல் விளைந்து பின் கைவிடப்பட்ட வயல்கள். அவற்றை வெற்று நிலமெனக் கருதி நிரப்பியவாறு நகர் வளர்ந்தது. 2010ஆம் ஆண்டு நவம்பரிலே பெய்த மழையில் பாராளுமன்றக் கட்டடத்துள்ளும் வெள்ளம் புகுந்தது. அதன்பின், எஞ்சிய சதுப்புக்களே நகரின் வெள்ளக் காப்பு என்ற உண்மை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவை பேணப்பட்டுப் பூங்காக்களும் ஆயின. 2018இல் கொழும்பு, உலகின் முதலாவது ஈரநில நகரங்கள் பதினெட்டினுள் ஒன்றாக ராம்சார் உடன்படிக்கையின் அங்கீகாரம் பெற்றது.

வடமராட்சிக் கரையில் இதனைச் செய்யும் முறை யாது? முதற்பணி, நிலத்தைப் பார்த்தறிதல். மாரியிலே எந்தத் துண்டில் நீர் இறுதிவரை நிற்கின்றது என்பதையும், கோடையிலே எந்தத் துண்டில் உவர் முதலிற் பூக்கின்றது என்பதையும் குறித்துக்கொண்டால், எது நெல்லுக்கு உரியது, எது நீருக்கு உரியது என்பது தானே புலப்படும். இதற்கு ஊர் முதியவர்களின் நினைவு பொறியியலாளரின் கருவிக்குக் குறைந்ததன்று.

இரண்டாவது பணி, வெள்ளவாய்க்கால்களைத் திறத்தல். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. தூர்ந்த வாய்க்காலைத் துப்புரவாக்குவது வேறு. ஆழமாகவும் நேராகவும் வெட்டுவது வேறு. ஆழமான நேர்வாய்க்கால் மழைநீரை ஒரே நாளில் ஏரியில் தள்ளிவிடும். கோடையில் அதே வாய்க்கால் உவர்நீரை உள்ளே அழைத்து வரும். வாய்க்கால் ஆழம் குறைந்து, அகன்று, வளைந்து செல்லுதலே நன்று. குளங்களைத் தூர்வாரும்போதும் இவ்விதி பொருந்தும். படிந்த சேற்றை அகற்றலாம். அளவுக்கு மிஞ்சித் தோண்டி உவர் மட்டத்தை நெருங்குதல் ஆகாது.

மூன்றாவது பணி, தாழ்ந்த வயல்களின் வரம்புகளைச் சிறிதளவு உயர்த்தி மழையை நிறுத்துதல். முதல் மழையின் நீர் உப்பைக் கரைத்துக்கொள்ளும். அதனை வெளியேற விட்டுவிடல் வேண்டும். பின்வரும் மழைகளைத் தேக்கினால் நன்னீர் நின்று மண்ணைக் கழுவிக் கீழே இறங்கும். தொண்டைமானாற்றுக் கதவுகள் பேரளவில் செய்வதையே இவ்வரம்புகள் சிற்றளவில் செய்கின்றன. கதவு ஒழுகுமாயின் வரம்பால் ஆவது சிறிதே. வரம்பு இல்லையெனின் கதவின் பயன் கரையை எட்டாது. இரண்டும் சேர்ந்தே பயன் தரும்.

நான்காவது பணி, பொறுத்திருத்தல். உமரியும் கோரையும் புல்லும் தாமாக வரும். அவற்றின் பின்னே மீன்குஞ்சும் நண்டும் பறவையும் வரும். மரம் நடவேண்டும் என்னும் ஆர்வம் போற்றத்தக்கதே; ஆயினும் கண்டல் மரம் எல்லா உவர் நிலத்திலும் வளர்வதன்று. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின் இலங்கையிலே கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, 9 இடங்களில் ஒரு கன்றேனும் பிழைக்கவில்லை எனக் கண்டது. தகாத இடத்தில் நட்டதும், நட்டபின் பேணாமையும் முக்கியமான காரணங்கள். திறந்த தரவையாக இருந்த நிலம் திறந்த தரவையாகவே இருத்தல் வேண்டும். மாடுகளுக்கு மேய்ச்சலும் வலசை வரும் பறவைகளுக்கு இரையும் அங்கேதான் கிடைக்கின்றன.

இனி, எழக்கூடிய மறுப்புக்களையும் நோக்குதல் வேண்டும். கடனீரேரி நன்னீராகிவிட்டால் இறால் பிடித்து வாழ்வோர் என் செய்வர் என்பது முதலாவது கேள்வி. இது நியாயமான கேள்வி. இறாலின் குஞ்சு கடலிலிருந்தே ஏரிக்குள் வருகின்றது. கதவு என்றும் மூடிக்கிடந்தால் அத்தொழில் அழியும். ஆகவே கதவைத் திறக்கும் நாளும் மூடும் நாளும் உழவரும் கடற்றொழிலாளரும் ஒன்றாக அமர்ந்து தீர்மானிக்கத்தக்கவை. கரையோர ஈரநிலங்களுக்கு ஒரு சிறப்பு உண்டு: ஏரி முழுவதையும் நன்னீராக்காமலே கரையில் நன்னீரைத் தாங்கி நிற்க அவற்றால் இயலும். இரு தரப்பாரும் ஒப்பக்கூடிய நடுவழி இதுவே எனலாம்.

காணி உரிமை பறிபோகுமோ என்பது இரண்டாவது கேள்வி. நெதர்லாந்து தேசத்திலே ஆற்றுக்கு இடம் விடும் திட்டம் வந்தபோது, ஓவர்டீப்ஸ் என்னும் பள்ளநிலத்து உழவர் தாமே ஒரு மாற்று யோசனையை முன்வைத்தனர். வெள்ளம் வரும்போது வயல் மூழ்கட்டும். வீடும் மாட்டுத் தொழுவமும் உயர்ந்த மண்மேட்டில் இருக்கட்டும் என்றனர். அரசு அதனை ஏற்றது. சிலர் இடம்பெயர்ந்தனர், ஏனையோர் மேடுகளில் தங்கினர். உரியவரை ஒதுக்கிவிட்டுச் செய்யும் பணி நிலைக்காது. உரியவரே முன்னின்று செய்வது நிலைக்கும். நெல்லியடிக் காணிக்காரரின் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழினும், பங்கு உரிமையை விட்டுக்கொடுக்காமலே மழைக்காலத்தில் நீர் நிற்க இணங்குதல் கூடாத காரியமன்று.

நுளம்பு பெருகுமே என்பது மூன்றாவது கேள்வி. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பெருகுவது பெரும்பாலும் வீட்டு முற்றத்துச் சிரட்டையிலும் பழைய டயரிலும் பூச்சாடியிலும் தேங்கும் சிறுநீர்நிலைகளிலேயாம். மீன் உலாவும் பரந்த நீர்ப்பரப்பு அதற்கு ஏற்ற இடமன்று. எனவே வெளியைக் குறை கூறுமுன் முற்றத்தை நோக்குதல் தகும்.

ஈரநிலம் எல்லா நோய்க்கும் மருந்தன்று என்பதையும் சொல்லிவிடல் முறை. தோட்டங்களிற் கொட்டப்படும் செயற்கை உரத்தாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. கீழேயுள்ள சதுப்பு மேலேயுள்ள கிணற்றைத் துப்புரவாக்க இயலாது. ஏரிக்குச் செல்லும் நீரையே அது துப்புரவாக்கும். கிணற்றின் தூய்மைக்கு உரத்தைக் குறைப்பதும் மலக்குழியைத் திருத்துவதுமே வழி. அவ்வாறே, 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரத்தக்கதாக அமைக்கப்பட்ட அது, குடிநீருக்குப் பெருந்துணை. ஆயினும் வெங்காயப் பாத்திக்குப் பாய்ச்சுவதற்கான நீர் அதுவன்று. இயந்திரமும் மின்சாரமும் இன்றி அது ஒரு துளியும் தாராது. தோட்டக்காரனுக்கு என்றும் உரியது கிணறே. கிணற்றுக்கு உரியது மழையே. மழைக்கு உரியது தங்குமிடமே.

ஊரவர் ஒரு காலத்தில் குளத்தைத் தூர்வாரியதும் வாய்க்காலைத் திருத்தியதும் எவருடைய கட்டளைக்காகவும் அன்று. தம் கிணறு உவராகாமல் இருத்தற்பொருட்டே. வயல்கள் கைவிடப்பட்டபோது அந்தக் கடமையும் அவற்றோடு கைவிடப்பட்டது. நெல் விளையாவிடினும் அக்கடமை விளைவு தரும். வல்லை வெளியிலும் கரவெட்டிக் கரையிலும் மாரி நீர் இன்னும் சில வாரம் கூடுதலாக நிற்குமாயின், அவ்வளவுக்கு மேட்டு நிலத்துக் கிணறுகள் கோடையில் இனிக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை வந்துகொண்டிருக்கின்றது. அது தங்குவதற்கு இடம் வைப்பதா, மண்ணிட்டு மூடுவதா என்பதே வடமராட்சி மக்கள் முன் நிற்கும் கேள்வி. உவர் ஒருமுறை கிணற்றில் ஏறிவிட்டால் இறங்குவதற்குப் பல மாரி வேண்டும். ஏறவிடாது காப்பதற்கோ, அடுத்த மழைக்கு முன் ஒரு வாய்க்காலைத் திறந்து ஒரு வரம்பை உயர்த்தினால் தொடக்கம் ஆகிவிடும்.